கல்லாப் பணம் யாருடையது?

நம் சங்க இதழில் வரியைப் பற்றியும், உரிமத்தைப் பற்றியும், நெகிழிப் பைத் தடையைப் பற்றியும் நிறைய எழுதியாகிவிட்டது. கடையில் கணக்கு எழுதுவதைப் பற்றி மட்டும் யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. "அதைத்தான் ஆடிட்டர் பார்த்துக்கொள்கிறாரே" என்று நாம் எல்லோருமே இருந்துவிட்டோம். நாற்பது வருஷத்துக்கு மேல் மொத்த வியாபாரம் செய்த நானும் அப்படித்தான் இருந்தேன். பழைய பதினோராம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். ஆகையால் இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று உறுப்பினர்கள் கேட்டால் அது நியாயமான கேள்விதான். தப்பு செய்து பணம் இழந்தவன் என்பது ஒன்றே தகுதி.

சென்ற வருஷம் என் தம்பி மகள் பி.காம். முதல் வருஷத்தில் சேர்ந்தாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பொத்தேரியில் என் கிடங்குக்கு வந்து, மேஜை மேல் இருந்த நீள நோட்டைப் புரட்டினாள். பிறகு தன் பாடப் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"பெரியப்பா, ரொக்கம் உள்ளே வந்தா ரொக்கக் கணக்குல பற்றுன்னு எழுதணும்னு எங்க புத்தகம் சொல்லுது. நீங்க பணம் வந்த எடத்துல எல்லாம் வரவுன்னு எழுதியிருக்கீங்க. நீங்க எழுதுறது தப்பா, எங்க புத்தகம் தப்பா?"

எனக்குச் சுருக்கென்றது. வருகிறதை வரவு என்று எழுதாமல் வேறு எப்படி எழுதுவது? "உங்க காலேஜுல கடை வச்சிருக்கிறவங்க யாரும் பாடம் எடுக்கலை போலிருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகத்தை ஒரு பையனிடம் இரவல் வாங்கி உட்கார்ந்து படித்தேன். விஷயம் விளங்கியது. நம் உறுப்பினர்களின் பிள்ளைகள் பலர் பி.காம். படிக்கிறார்கள். அவர்களுக்கும் இந்தக் குழப்பம் இருக்கும் என்பதால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

மூலைக்கடைக்காரர் வந்து பாக்கியில் 5,000 ரூபாய் கட்டுகிறார். நாம் நாள்வழியில் அவர் பெயரைப் போட்டு "வரவு 5,000" என்று எழுதுகிறோம். இது பணத்தின் கணக்கு அல்ல, அந்த ஆளின் கணக்கு. அவர் தந்தார், ஆகவே அவருக்கு வரவு. பாடப் புத்தகமும் இதையேதான் சொல்கிறது: பெறுபவர் பற்று, தருபவர் வரவு. அதோடு நில்லாமல் அது இன்னொரு பாதியையும் எழுதச் சொல்கிறது. 5,000 ரூபாய் எங்கே போய்ச் சேர்ந்தது? கல்லாவுக்கு. கல்லாவையும் ஓர் ஆளாக நினைத்துக்கொள்ளுங்கள். பெற்றுக்கொண்டது கல்லா, ஆகவே ரொக்கக் கணக்குக்குப் பற்று. பணப்பெட்டி கண்ணெதிரே இருப்பதால் நாம் அந்தப் பாதியை எழுதாமல் விட்டுவிடுகிறோம். ஒரு கொடுக்கல் வாங்கலுக்கு இரண்டு முனை உண்டு, இரண்டையும் எழுது என்பதுதான் இரட்டைப் பதிவு முறை. வேறு பெரிய ரகசியம் அதில் கிடையாது.

வங்கிப் பாஸ் புத்தகத்தில் நாம் கட்டிய பணம் வரவு என்று வருகிறது, நம் பேரேட்டிலோ வங்கிக்குப் பற்று என்று எழுதச் சொல்கிறார்கள். இதற்கும் காரணம் அதேதான். வங்கி தன் நோட்டில் நம்மைத் தருபவராகப் பார்க்கிறது, நாம் நம் நோட்டில் வங்கியைப் பெறுபவராகப் பார்க்கிறோம். மளிகைக் கடையில் வாடிக்கைக்காரர் கடனுக்குச் சரக்கு எடுத்தால் "பற்று" என்று எழுதுகிறோமே, அந்தப் பற்றும் கல்லூரிப் பற்றும் ஒன்றுதான்.

ஆகவே அவள் புத்தகமும் தப்பில்லை, என் நோட்டும் தப்பில்லை, பாதிதான் குறைவு. அந்தப் பாதியும் கல்லூரியில் பிறந்தது அல்ல. 1494ஆம் வருஷம் வெனிஸ் நகரில் லூக்கா பாச்சியோலி என்ற கிறிஸ்தவத் துறவி தம்முடைய கணித நூலில் இந்த முறையை எழுதி அச்சில் கொண்டுவந்தார். அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அந்த ஊர் வியாபாரிகள் ஏற்கெனவே எழுதிவந்ததைப் பார்த்து ஒழுங்குபடுத்தினார். நம் பக்கத்தில் நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் கடை நடத்தியபோது குறிப்பும் பேரேடும் ஐந்தொகையுமாக எழுதிய கணக்கு யாருக்கும் இளைத்தது அல்ல. 1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு அவர்களுடைய தொழில் முறையை விரிவாக ஆராய்ந்திருக்கிறது. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார், கடையில் இருப்பவர் மூன்று வருஷத் தவணையில் போன ஏஜெண்டு. கடல் நடுவில் இருந்ததால் முதலாளி நினைத்த நேரத்தில் கல்லாவில் கை விட முடியாது. கடைப் பணமும் வீட்டுப் பணமும் தானாகவே பிரிந்து நின்றன. நமக்குக் கடைக்குப் பின்னாலேயே வீடு.

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம். பழகுவதற்காக என் கடையின் ஒரு வருஷக் கணக்கை முடித்துத் தருகிறேன் என்று அந்தப் பெண் உட்கார்ந்தாள். அரைமணி நேரத்தில் தலை நிமிர்ந்து, "பெரியப்பா, உங்க எடுப்புக் கணக்கு எங்கே?" என்றாள்.

"எடுப்பா? அப்படின்னா?"

"நீங்க வீட்டுக்கு எடுத்தது."

"அதை எதுக்கு எழுதணும்? என் கடை, என் பணம்."

கணக்குப்பதிவியலில் முதல் பாடமே அது அப்படி இல்லை என்பதுதானாம். கடை ஓர் ஆள், கடைக்காரர் வேறோர் ஆள். இதற்குத் தனித்தன்மைக் கருத்து என்று பெயர். நாம் போட்ட முதலை இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் பக்கம் எழுதுகிறார்களே, நம் சொந்தப் பணம் எப்படிக் கடன் ஆகும் என்று நானும் ஒரு காலத்தில் ஆடிட்டரிடம் சண்டை போட்டிருக்கிறேன். அது நமக்குக் கடன் அல்ல. கடை நமக்குத் தரவேண்டிய கடன். நாம் வீட்டுக்கு எடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் கடை அந்தக் கடனை நமக்குத் திருப்பித் தருவது. லாபத்துக்குள் எடுத்தால் முதல் அப்படியே இருக்கும். லாபத்துக்கு மேல் எடுத்தால் முதல் கரையும். எழுதாவிட்டால் கரைவது கண்ணுக்குத் தெரியாது.

நம் வட்டாரத்தில் ஒரு நடுத்தர மளிகைக் கடையை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். எண்கள் நானாகப் போட்டவை. வருஷ ஆரம்பத்தில் சரக்கு இருப்பு 6 லட்சம். வருஷம் முழுவதும் கொள்முதல் 48 லட்சம். வருஷக் கடைசியில் இருப்பு 7 லட்சம். அப்படியானால் விற்ற சரக்கின் அடக்கம் 47 லட்சம். விற்பனை 51 லட்சம், எல்லாம் ரொக்கம் என்றே வைத்துக்கொள்வோம். மொத்த லாபம் 4 லட்சம். வாடகை, மின்சாரம், ஆள் கூலி, வண்டி, சில்லறைச் செலவு எல்லாம் சேர்ந்து 3,40,000. நிகர லாபம் 60,000. வருஷத்துக்கு 60,000, மாதத்துக்கு அல்ல.

கடைக்காரர் வீட்டுச் செலவுக்கு மாதம் 25,000 எடுக்கிறார். அது ஒன்றும் ஆடம்பரம் இல்லை, பிள்ளை படிப்பும் அரிசி பருப்பும்தான். வருஷத்துக்கு 3 லட்சம். லாபத்துக்கு மேல் 2,40,000 எடுத்திருக்கிறார். இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? கல்லாவில் 51 லட்சம் புரண்டது. செலவு 3,40,000, வீட்டுக்கு 3 லட்சம் போக மீதி 44,60,000. கொள்முதலுக்கோ 48 லட்சம் தரவேண்டும். ஆக, மொத்த வியாபாரிகளுக்கு 3,40,000 பாக்கி நிற்கும். அதில் 1 லட்சம் கூடுதல் சரக்காக அலமாரியில் இருக்கிறது. மீதி 2,40,000? அதுதான் அவர் வீட்டில் செலவானது. அதாவது அவர் சாப்பிட்டது என் பணத்தை. அவர் ஏமாற்றுக்காரர் அல்ல, நாணயஸ்தர். கல்லா தினமும் நிறைந்திருந்ததால் வியாபாரம் நன்றாக நடக்கிறது என்றே நம்பினார்.

இப்படி மூன்று வருஷம் ஓடினால் கடையை மூடுவதைத் தவிர வழியில்லை. மூடும்போது நாம் எல்லோரும் ஆன்லைன் வியாபாரத்தையும் பெரிய அங்காடிகளையும் திட்டுகிறோம். திட்டவேண்டியதுதான். ஆனால் அவற்றோடு மோதுவதற்கு முன்பே உள்ளுக்குள் கரைந்துபோன கடைகளையும் நான் பார்த்திருக்கிறேன். படி அளக்கும்போது "ஒன்று" என்று சொல்லாமல் "லாபம்" என்று சொல்லி அளந்து பழகிய பரம்பரை நாம். அளக்கிறபோது வாயால் சொல்லும் லாபத்தை வருஷக் கடைசியில் எண்ணிப் பார்ப்பதில்லை.

என் சொந்தக் கதைக்கு வருகிறேன். நான் சின்னக் கடைக்காரர்களுக்கு உபதேசம் செய்கிற இடத்தில் இல்லை.

பொத்தேரி வியாபாரத்தின் சுபாவம் உங்களுக்குத் தெரியும். கல்லூரி நடக்கும் மாதங்களில் ரயில் நிலையத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோடு வரை தலைகளாக இருக்கும். மே மாதம் வந்தால் தெருவில் நாய்தான் படுத்திருக்கும். மாணவர் விடுதிகளுக்குச் சரக்குப் போடுகிறவர்களுக்கு மார்ச் 31 அன்று பாக்கி உச்சத்தில் இருக்கும். என் அப்பா காலத்தில் சித்திரை முதல் நாள் புதுக்கணக்கு என்றால் உண்மையாகவே அன்றுதான் கணக்கு புதிது. 1989 மார்ச்சோடு முடிந்த வருஷத்திலிருந்து எல்லோருக்கும் மார்ச் 31தான் என்று வருமான வரிச் சட்டம் ஆக்கிவிட்டது. நம் ஊருக்கு மே கடைசியில் முடித்தால்தான் பொருத்தமாக இருக்கும். ஆனால் சட்டத்துக்கு பொத்தேரி தெரியாது.

வீடுகளை வாடகைக்கு எடுத்து விடுதி நடத்திய ஒருவர் என்னிடம் அரிசியும் எண்ணெயும் பருப்பும் கடனுக்கு எடுத்துவந்தார். அந்த வியாபாரத்தின் லாபத்தை நம்பி 2020 ஜனவரியில் மாடியில் ஓர் அறை கட்டக் கல்லாவிலிருந்து 3 லட்சம் எடுத்தேன். மார்ச் நடுவில் கல்லூரிகள் மூடப்பட்டன, 25ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு. பிள்ளைகள் ஊருக்குப் போனார்கள், விடுதி காலியாயிற்று, அவரும் காலி செய்தார். எனக்கு வரவேண்டியது 2,80,000. என் ஐந்தொகையில் அது சொத்து என்று கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. செங்குன்றம் அரிசி மண்டிக்குப் பணம் கட்ட வீட்டு நகையை வைத்தேன்.

கடனுக்கு விற்றாலும் விற்ற அன்றே லாபம் என்று எழுதுவது கணக்கு முறைதான், அதில் தப்பில்லை. ஆனால் அதே புத்தகம் அடுத்த அத்தியாயத்தில் இன்னொன்றும் சொல்கிறது: வராமல் போகக்கூடிய நஷ்டத்துக்கு முன்கூட்டியே ஒதுக்கி வை, வராத லாபத்தை எதிர்பார்த்து எழுதாதே. இதற்கு முன்னெச்சரிக்கைக் கருத்து என்று பெயர். ஐயக்கடனுக்கு ஒதுக்கு எழுதியிருந்தால் அந்த வருஷ லாபம் குறைவாகக் காட்டியிருக்கும். நானும் அறை கட்டியிருக்க மாட்டேன். எழுதும் எண் நம் கையைக் கட்டிப்போடும் என்பதைப் பட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன். எண்ணெய்க்கு நான் கட்டிய 5 சதவீத வரியும் போனது போனதுதான், வாராக்கடனுக்கு ஜி.எஸ்.டி.யில் திருப்பித் தருவது கிடையாது. வருமான வரியில் மட்டும் கொஞ்சம் ஆறுதல் உண்டு. வாராக்கடன் என்று கணக்கில் எழுதித் தள்ளினாலே போதும், அது வராது என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை என்று 2010இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் தள்ளுவதற்கு முதலில் கணக்கு இருக்கவேண்டும்.

அந்தப் பாக்கிக்காக ஒரு வக்கீலையும் போய்ப் பார்த்தேன். அவர் பேரேட்டையும், சரக்குப் பெற்றதற்குக் கையெழுத்தையும் கேட்டார். என்னிடம் இருந்தவை கம்பியில் குத்திய துண்டுச் சீட்டுகள். ஜெயின் ஹவாலா டைரி வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவர் எனக்கு விளக்கினார். உதிரித் தாள்கள் கணக்குப் புத்தகம் ஆகா. முறையாக எழுதிய புத்தகமாகவே இருந்தாலும் அந்தப் பதிவு ஒன்றை மட்டும் வைத்து இன்னொருவர் மேல் பொறுப்பைச் சுமத்த முடியாது, கூடவே வேறு சான்றும் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இது மாறவில்லை. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பாக்கிக்காரரிடமும் "இன்ன தேதியில் இவ்வளவு தரவேண்டும்" என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும்.

"மாதாமாதம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுகிறோமே, அது கணக்கு இல்லையா?" என்று சிலர் கேட்பார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் கடை வைத்திருப்பதால் ஜி.எஸ்.டி. தெரிந்துவிடும் என்று 2017இல் நாம் வேடிக்கையாகப் பேசிக்கொண்டது நினைவிருக்கும். அந்த ரிட்டர்னில் விற்பனையும் வரியும் இருக்கும். சரக்கு இருப்பு, கூலி, வீட்டுக்கு எடுத்தது, வாராத பாக்கி எதுவும் இருக்காது. அது அரசாங்கத்துக்கு வேண்டிய கணக்கு. அதைப் பார்த்து லாபம் சொல்ல ஆடிட்டராலும் முடியாது.

இருப்பு எடுக்கும்போது எம்.ஆர்.பி. விலை போட்டுக் கூட்டுகிற பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. விற்காத சரக்கில் லாபத்தை ஏற்றுவது அது. அடக்க விலை, இன்றைய சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதைத்தான் போடவேண்டும். தேதி கடந்த பிஸ்கட்டுக்கு பூஜ்யம். உள்ளீட்டு வரி எடுக்கிறவர்கள் அடக்கத்தில் வரியைச் சேர்க்கக் கூடாது, இணக்க முறையில் இருப்பவர்களுக்கு வரியும் அடக்கம்தான். கடைக்குக் கொடுத்த அட்வான்ஸ் செலவு அல்ல, சொத்து. குளிர்பானக் கம்பெனி கொண்டுவந்து வைத்த குளிர்பெட்டி நம் சொத்து அல்ல, அதை எழுதாதீர்கள்.

கல்லூரிக்காரர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. பி.காம். முடித்து வேலைக்கு வரும் பிள்ளைகள் டேலியில் வேகமாகத் தட்டுகிறார்கள். பற்றும் வரவும் சரியாகப் பொருந்தினால் கணக்கு சரி என்று எழுந்துவிடுகிறார்கள். பொருந்துவது கூட்டல் சரி என்பதற்குத்தான் சான்று, உண்மைக்கு அல்ல. சத்யம் கம்பெனியின் கணக்கும் வருஷா வருஷம் பொருந்தித்தான் இருந்தது. இல்லாத 5,040 கோடி ரூபாய் ரொக்கமும் வங்கி இருப்பும் புத்தகத்தில் ஏற்றப்பட்டிருந்ததை 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜுவே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். கல்லாவை எண்ணிப் பார், கிடங்கில் மூட்டையை எண்ணிப் பார், பாக்கிக்காரர் முகத்தைப் பார், பிறகு கையெழுத்துப் போடு என்று அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுப்பது? என் தம்பி மகளின் பயிற்சிக் கணக்குகளில் எல்லாத் தகவலும் கேள்வியிலேயே இருக்கிறது. என் கடையில் பாதித் தகவல் என் தலைக்குள் இருந்தது. அதை என்னிடம் கேட்டு வாங்குவதற்குத்தான் அவள் அதிகம் கஷ்டப்பட்டாள்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு யோசனை. மே மாதம் நம் கடைகளில் ஈ ஓட்டுகிறோம். அதே மாதம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு விடுமுறை. மார்ச் 31 கணக்கும் அப்போது சூடு ஆறாமல் இருக்கும். உள்ளூரிலிருந்தும் கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் பக்கத்திலிருந்தும் வணிகவியல் படிக்கும் பிள்ளைகள் பத்துப் பேரைச் சங்கம் அழைக்கட்டும். ஒரு கடைக்கு ஒருவர், இரண்டு வாரம். சிட்டையிலிருந்து ஐந்தொகை வரை அவர்கள் எழுதட்டும், நாம் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்வோம். சாப்பாடும் பஸ் செலவும் கொஞ்சம் ஊக்கத்தொகையும் சங்க நிதியிலிருந்து தரலாம். ஆண்டு விழாப் பந்தலுக்கு ஆவதில் கால்வாசிகூட ஆகாது.

இதைச் செயற்குழுவில் வாய்மொழியாகச் சொன்னபோது ஒரு நண்பர், "நம்ம கணக்கு வெளியே போயிடுமே அண்ணாச்சி" என்றார். அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. பெயர்களை மறைத்து எண்களை மட்டும் கொடுக்கலாம். முதலில் ஒரு கடையில் செய்து பார்த்துவிட்டு மற்றவர்கள் சேரலாம். அந்த முதல் கடை என்னுடையதாக இருக்கட்டும். இதுவரை இல்லாத எடுப்புக் கணக்குக்கு இப்போது பேரேட்டில் தனிப் பக்கம் போட்டிருக்கிறேன். 2019-20 நோட்டையும் எடுத்துத் தருகிறேன், மாடி அறை உட்பட.